எல்பனமும் மன்றமும்: நிக்கோபார்த் தீவுகளில் பொதுவெளி காத்தோரும் அவர்தம் சிறப்பும்

முன்னுரை

ஊர்ப்பொதுவாகிய இடங்களுக்குக் கொடையளித்தோரை வரலாறு பெரிதும் போற்றி வந்துள்ளது. குளம் தொட்டவரும் சோலை வைத்தவரும் மண்டபம் எடுத்தவரும் கல்லிலும் செப்பேட்டிலும் இடம்பெற்றனர். ஆனால் தொட்ட குளத்தைத் தூர் வாரியவர், வைத்த சோலைக்கு வேலி கட்டியவர், எடுத்த மண்டபத்தைக் கூட்டி மெழுகியவர் ஆகியோர் பெயர்கள் அரிதாகவே கிடைக்கின்றன. பொதுவெளி ஒருமுறை அமைக்கப்பெற்றால் மட்டும் நிலைத்துவிடுவதில்லை. நாள்தோறும் காக்கப்பெற்றால்தான் நிலைக்கும். அவ்வாறு காத்தோர்க்குச் சமுதாயம் எவ்வகைச் சிறப்பினை அளித்தது என்பது பொதுவெளியின் வரலாற்றை ஆராய்வோர் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவை நிக்கோபார்த் தீவுகளை முதன்மைக் களமாகவும், அந்தமான் தீவுகளைத் துணைக்களமாகவும் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. இக்களத்தைத் தெரிந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஊர்ப்பொதுவெளிக்கெனத் தனிப்பெயரும் தனி அமைப்பும் கொண்ட மரபு கார் நிக்கோபார்த் தீவில் அண்மைக்காலம்வரை வழங்கி வந்தது. மற்றொன்று, இத்தீவுகள் தமிழ்ச் சான்றுகளுக்குப் புதியன அல்ல. முதலாம் இராசேந்திரனின் 19ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, அம்மன்னன் வென்ற இடங்களின் வரிசையில் மாநக்கவாரத்தைக் குறிக்கின்றது. கி.பி. 1030ஐ ஒட்டிய அம்மெய்க்கீர்த்தி, தீவினை அதன் தேன் நிறைந்த பொழில்களால் சிறப்பித்துக் கூறுவது கருதத்தக்கது. பொழிலைப் பாடிய மெய்க்கீர்த்தி, பொழிலைக் காத்தவரைப் பற்றி எதுவும் கூறவில்லை. வென்றவன் புகழைப் பாடுவதே மெய்க்கீர்த்தியின் இலக்கணம் ஆதலின் அவ்வாறு அமைந்தது இயல்பே.

தமிழ் மரபில் பொதுவெளிக் காப்பும் சிறப்பும்

நிக்கோபார்ச் சான்றுகளை அளந்தறிவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனைத் தமிழ் மரபிலிருந்தே பெறலாம். சங்க இலக்கியங்கள் ஊர்ப்பொதுவிடங்களை மன்றம், பொதியில் முதலிய சொற்களால் சுட்டுகின்றன. மரநிழலில் அமைந்த மன்றம் ஊரார் கூடுமிடமாகவும், கந்து நிறுவப்பெற்ற பொதியில் வழிபடுமிடமாகவும் புதியோர் தங்குமிடமாகவும் விளங்கின. பட்டினப்பாலை இத்தகைய பொதியில் ஒன்றினைக் காட்டுமிடத்து, அதனை மெழுகி மலரிட்டு அந்தி விளக்கேற்றுவோர் போரில் பிடிபட்டு வந்த கொண்டி மகளிர் என்கின்றது. பொதுவிடத்தைக் காத்தோர் இங்கே இலக்கியத்துள் இடம்பெற்றுள்ளனர். எனினும் அவர்களுக்குப் பெயரில்லை, அப்பணியை ஏற்கவோ மறுக்கவோ உரிமையும் இல்லை. அகநானூற்றுப் பாடல்களில் பாழ்பட்ட ஊரின் அடையாளமாகக் கந்து நீங்கிய தெய்வமும் மெழுகப்படாத திண்ணையும் கூறப்பெறுகின்றன. காப்புப்பணி நடைபெறுங்கால் எவர் கண்ணிலும் படுவதில்லை. அது நின்றபோதே அதன் அருமை புலனாகின்றது என்பதற்கு இப்பாடல்கள் தக்க சான்றாகும்.

சோழர் காலக் கல்வெட்டுகள் காப்போரை வேறொரு நிலையில் வைத்துக் காட்டுகின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் பெரிதும் எடுத்துக்காட்டப்பெறுபவை. இவற்றுள் நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி வேறு. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்னர்ப் பணியாற்றியவர், கல்வியில் முதிர்ந்தவர், ஆண்டில் முதிர்ந்தவர் ஆகியோரையே சம்வத்சர வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கின்றது. சோலையையும் நீர்நிலையையும் காத்த பட்டறிவு, கல்வியோடும் வயதோடும் ஒருங்கு வைத்து எண்ணப்பட்டது. காத்தவருக்குக் கிடைத்த சிறப்பு, மேலும் பெரியதொரு பொறுப்பு. அதே கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் தேர்தலினின்று விலக்குகின்றது. ஆகவே சிறப்பும் கணக்கும் பிரிக்கப்படவில்லை. இம்முறை நிலமும் சொந்த மனையும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே வாய்த்தது என்னும் எல்லையையும் உடன் குறித்தல் வேண்டும். ஏரியில் இறங்கித் தூர் வாரியவர் குடவோலையில் இடம்பெற்றிருக்க இயலாது.

இவையன்றி, ஏரியின் காப்புக்கென ஒதுக்கப்பட்ட ஏரிப்பட்டியும், ஊரைக் காத்து உயிர்நீத்தார் குடும்பத்திற்கு அளிக்கப்பட்ட உதிரப்பட்டியும், வீழ்ந்த வீரர்க்கு எடுக்கப்பட்ட நடுகல்லும் அறியப்பட்டவையே. இச்சான்றுகளைத் தொகுத்து நோக்கின், காப்போர்க்கு அளிக்கப்பெற்ற சிறப்பு மூவகைப்படும் எனலாம். நிலமாகவும் பிற வகையிலும் தரப்படும் பொருட்சிறப்பு ஒன்று. கல்லிலோ ஏட்டிலோ பொறிக்கப்படும் பெயர்ச்சிறப்பு மற்றொன்று. காக்கும் அதிகாரத்தையே ஏற்று மேலும் வளர்க்கும் உரிமைச்சிறப்பு மூன்றாவது. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு தீவுகளின் சான்றுகளை இனிக் காணலாம்.

நாட்குறிப்பு எழுதிய தமிழர்

நிக்கோபாரியர் தம் பழமையை வாய்மொழியாலும் விழாவாலும் காத்தவர்கள். ஆதலின் எழுத்துச் சான்றுகளுக்கு வெளியாரையே நாட வேண்டியுள்ளது. அவ்வெளியாருள் ஒருவர் தமிழர் என்பது தமிழ் ஆய்வுலகம் போதிய அளவு கவனியாத செய்தியாகும். வேதப்பன் சாலமன் என்னும் தமிழ்க் கிறித்தவ உபதேசியார், அரசின் முகவராகவும் ஆங்கிலத் திருச்சபையின் பணியாளராகவும் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரில் தங்கியிருந்தார். 1895 முதல் 1901 வரை அவர் எழுதிய நாட்குறிப்புகளின் பகுதிகள், நிக்கோபார் மொழியை ஆராய்ந்த எட்வர்டு ஹொரேஸ் மேன் துணையுடன் 1902இல் இலண்டன் மானிடவியல் நிறுவன இதழில் வெளிவந்தன. ஊர்விழாக்கள், விலக்குகள், நோய், இறப்பு, கப்பல் வருகை எனத் தாம் கண்டவற்றை அவர் குறித்து வைத்தார். அவர் நடத்திய பள்ளியில் பயின்ற சிறுவருள் ஒருவரே பின்னாளில் நிக்கோபாரியரின் தலைவராக உயர்ந்த ஜான் ரிச்சர்ட்சன்.

சாலமனின் குறிப்புகளோடு, 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை ஒட்டி ரிச்சர்டு டெம்பிள் எழுதிய அறிக்கையும், ஜார்ஜ் ஒயிட்ஹெட் 1924இல் வெளியிட்ட நிக்கோபார் நூலும் கார் நிக்கோபாரின் ஊரமைப்பினை அறியத் துணைபுரிகின்றன. இம்மூவரும் ஆட்சியையோ சமயப்பணியையோ சார்ந்தவர்கள். தீவினரின் நம்பிக்கைகளைப் பற்றிய அவர்தம் மதிப்பீடுகளை ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் இடங்களைப் பற்றிய அவர்தம் விவரணை ஒன்றோடொன்று பெரிதும் ஒத்துச் செல்கின்றது.

எல்பனம் என்னும் ஊர்ப்பொதுவெளி

கார் நிக்கோபாரில் ஒவ்வோர் ஊருக்கும் கடற்கரையை ஒட்டி ஒரு பொதுவெளி இருந்தது. அதனை எல்பனம் என்று வழங்கினர். ஊரார் கூடும் பொதுமனை, விருந்தினர் தங்குமிடம், மகப்பேற்று மனை, இறக்கும் நிலையில் உள்ளாரைக் கொண்டுவந்து வைக்கும் மனை, இடுகாடு ஆகியவை அங்கேயே அமைந்திருந்தன. தோணிகள் கரையேற்றப்பட்டதும், விழாக்கள் நிகழ்ந்ததும், அயலூராரும் கப்பல் வணிகரும் வரவேற்கப்பட்டதும் அவ்வெளியிலேதான். வாழும் மனைகளோ கரையினின்று உள்ளே தள்ளித் தென்னந்தோப்புகளுக்கிடையில் இருந்தன. குடியிருக்கும் மனையில் பிறப்பும் இறப்பும் நிகழலாகாது என்பது மரபு. எனவே ஒவ்வொரு நிக்கோபாரியரும் பிறந்ததும் இறந்ததும் ஊர்ப்பொதுவெளியில்தான்.

இவ்வமைப்பினைச் சங்ககால மன்றத்தோடு ஒப்பிடின் ஒற்றுமையும் வேற்றுமையும் புலப்படும். கூடுதல், விருந்தோம்பல், சடங்கு ஆகியவை இரண்டிற்கும் பொது. வேற்றுமை உரிமையைப் பற்றியது. நிலமும் தோப்பும் கார் நிக்கோபாரில் துஹெத் எனப்படும் கூட்டுக்குடும்பத்தின் உடைமை. தனியாள் உடைமை என்பது சிறுபான்மையே. எல்பனமோ எந்தத் துஹெத்திற்கும் உரியதன்று. ஊர் முழுமைக்கும் உரியது. அதன் மனைகளை எழுப்புதலும் செப்பனிடலும் ஊரார் கூடிச் செய்யும் பணிகள். கூலிக்கு ஆள் வைத்தல் என்னும் முறைக்கு அங்கே இடமில்லை. இன்று தன்னார்வத் தொண்டு என நாம் வழங்கும் சொல் அப்பணிக்கு முற்றும் பொருந்தாது. அது விரும்பினால் செய்வதும் விரும்பாவிடில் விடுவதும் ஆகிய பணியன்று. ஏவலால் செய்யும் ஊழியமும் அன்று. ஊரின் உறுப்பினர் என்னும் நிலையிலிருந்து பிறக்கும் கடமை அது.

அக்கடமைக்குரிய சிறப்பு யாது? பொருளாக எதுவும் தரப்படவில்லை. பெயரும் எங்கும் பொறிக்கப்படவில்லை. பொதுமனையில் அமர்ந்து பேசும் உரிமை, விழாவில் பங்கு, இறந்தபின் அதே வெளியில் அடக்கம் பெறும் உரிமை ஆகியவையே சிறப்பு. இறந்தோரின் எலும்புகளைப் பல ஆண்டுகளுக்குப்பின் எடுத்துச் சிறப்புச் செய்யும் பெருவிழா நிக்கோபாரியரின் தலையாய விழாக்களுள் ஒன்று. தாம் காத்த வெளியில் தம் வழிவந்தோரால் நினைக்கப்படுதல் ஒவ்வொருவர்க்கும் உறுதியாக இருந்தது. இது உரிமைச்சிறப்பின் தூய வடிவம் எனலாம்.

கொடியும் சான்றிதழும்

பிரித்தானியர் 1869இல் நிக்கோபாரைத் தம் ஆட்சிக்குள் கொணர்ந்து, 1888 வரை நன்கௌரித் துறைமுகத்தை ஒட்டிய கமோர்த்தாவில் தண்டனைக் குடியேற்றம் ஒன்றை நடத்தினர். அதன்பின் நேரடி அதிகாரிகள் இன்றியே தீவுகளை ஆள வேண்டியிருந்தமையால், ஊர்த்தலைவர்களை ஏற்கும் முறையை உறுதிப்படுத்தினர். ஏற்கப்பட்ட தலைவர்க்கு நியமனச் சான்றிதழ், கொடி, உடை, கப்பல் தலைவர்கள் தம் வருகையைப் பதிவதற்குரிய ஏடு ஆகியவை தரப்பட்டன. கப்பலைக் கண்டால் கொடியேற்றுதல், வருகையை அறிவித்தல், ஊரில் அமைதி காத்தல் ஆகியவை அவர்தம் கடமைகள். கேப்டன் என்னும் பதவிப்பெயர் இவ்வாறு நிலைபெற்றது.

இச்சிறப்பு பொருளும் பெயரும் கலந்தது. ஆனால் அது போற்றியது ஆட்சிக்குப் பயன்பட்ட பணியையே. கடற்கரை வெளி ஆட்சியாளர்க்குக் கப்பல் துறையாகத் தோன்றியது. ஊரார்க்கோ அது பிறப்பிடமும் இடுகாடும் ஆகும். ஒரே இடத்தில் நின்ற ஒரே மனிதர், கொடியேற்றியதற்காகச் சான்றிதழ் பெற்றார்; எல்பனத்தைக் காத்ததற்கு அச்சான்றிதழில் இடமில்லை. எனினும் நிக்கோபாரியர் இப்பதவியைத் தம் வயமாக்கிக் கொண்டனர் என்பதே வரலாற்றின் சுவையான பகுதி. இன்று கேப்டன் என்பவர் ஊராரால் தேர்ந்தெடுக்கப்பெறுபவர். ஊர்ப்பணிக்கு மக்களைத் திரட்டுபவர். ஊரின் சார்பில் அரசோடு பேசுபவர். 2009ஆம் ஆண்டின் பழங்குடி மன்றங்கள் ஒழுங்குமுறை இவ்வமைப்பிற்குச் சட்ட வடிவம் தந்தது.

விடுதலைக்குப்பின் வந்த சிறப்புகளுள் முதன்மையானது ஜான் ரிச்சர்ட்சனுக்கு அளிக்கப்பட்டதாகும். பர்மாவில் பயின்று திரும்பி ஆசிரியப்பணி ஆற்றிய அவர், 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் சிறைப்பட்டு உயிர் தப்பினார், 1950இல் பேராயரானார், 1952இல் அமைந்த முதல் மக்களவையில் நியமன உறுப்பினராக இடம்பெற்றார். விவிலியத்தைக் கார் நிக்கோபார் மொழிக்குக் கொணர்ந்தார். அவருக்கு 1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண் விருதுகள் வழங்கப்பட்டன. போரால் சிதைந்த ஊர்களை மீட்டெழுப்பிய கூட்டுழைப்பின் தலைவராக அவர் நின்றார். விருது ஒருவர் பெயரால் வந்தது, உழைப்போ ஊர்களுடையது. தலைவரைப் போற்றுவதால் ஊரைப் போற்றியதாகக் கருதும் வழக்கம் மெய்க்கீர்த்திக் காலத்திலிருந்தே நம்மிடம் உள்ளது. அதனைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. அது பெயர்ச்சிறப்பின் இயல்பான எல்லை என்பதைச் சுட்டுவதே நோக்கம்.

அந்தமான் பகுதியின் துணைச்சான்றுகள்

அந்தமான் தீவுகளின் குடியேற்றங்கள் வேறு வரலாறு கொண்டவை. கைதிகளின் வழிவந்தோர், வங்கத்திலிருந்து பெயர்ந்தோர், தமிழர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பகுதித் தொழிலாளர், கரேன் இனத்தார் எனப் பலரும் கூடி வாழும் அப்பகுதியில் எல்பனம் போன்ற தொல்மரபு இல்லை. பொதுவெளியைக் காக்கும் பணி அங்கே புதிதாகக் கற்கப்பட வேண்டியதாயிற்று. அதற்கு இரு சான்றுகள் காட்டலாம்.

முதலாவது, வழக்கு வழியாக நிகழ்ந்த காப்பு. இன்று ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேரில் சமீர் ஆச்சார்யா நடத்திய அந்தமான் நிக்கோபார் சூழலியல் சங்கமும், கல்பவிருட்சம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆகியவையும் காடழிவைத் தடுக்க உச்ச நீதிமன்றத்தை அணுகின. நீதிமன்றம் 2001 நவம்பரில் சேகர் சிங் தலைமையில் ஆணையம் அமைத்தது. அவ்வறிக்கையின் அடிப்படையில் 2002 மே 7 அன்று பிறந்த ஆணை, பழங்குடிக் காப்பிடங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் மரம் வெட்டுவதைத் தடுத்தது. பிற இடங்களில் உள்ளூர்த் தேவைக்கு மட்டும் வரையறுத்தது. கடற்கரை மணல் அள்ளுதலைப் படிப்படியாகக் குறைக்கப் பணித்தது. ஊதியம் கருதாத சிலரின் உழைப்பு தீவுகளின் காட்டு வரலாற்றையே திருப்பிய நிகழ்வு இது.

இரண்டாவது, கடற்கரையில் நிகழும் காப்பு. 1925 முதல் பர்மாவிலிருந்து அழைத்துவரப்பட்டு மாயாபந்தரை ஒட்டிய வெபி முதலிய ஊர்களில் குடியேறிய கரேன் மக்கள், காட்டையும் கடலையும் நுணுகி அறிந்தவர்கள். 1990இல் தொடங்கி வண்டூரில் இயங்கிவரும் அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழுவின் களப்பணிகள் பெரிதும் அவர்களைச் சார்ந்தே நடைபெறுகின்றன. சிறிய அந்தமானில் 2008 முதல் தோல்முதுகுக் கடலாமைகள் கண்காணிக்கப்பட்டு வருகின்றன. தமிழகக் கடற்கரையில் ஏழுவரி ஆமை என அறியப்படுவது இதுவே. அங்கு முட்டையிட்டுச் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஆமைகள் ஒருபுறம் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையையும், மறுபுறம் ஆப்பிரிக்காவை ஒட்டிய கடலையும் நோக்கிச் சென்றமை அறியப்பட்டது. இப்பணியில் இரவெல்லாம் கரையில் நடந்த கரேன் களப்பணியாளர் சிலர், ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றுள்ளனர். நன்றியுரையில் ஒரு வரியாகச் சுருங்கும் வழக்கத்திற்கு மாறாக, அறிவின் உரிமையாளராக அவர்களை ஏற்றது குறிப்பிடத்தக்க பெயர்ச்சிறப்பு. பட்டினப்பாலையின் பெயரற்ற மகளிரை நினைத்துப் பார்ப்போர்க்கு இதன் அருமை விளங்கும்.

ஆழிப்பேரலையும் அதன் பின்னும்

2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நிக்கோபார்த் தீவுகளின் கரைகளை மாற்றியமைத்தன. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கார் நிக்கோபாரின் கரையோர ஊர்கள் அழிந்தன. எல்பனங்கள் அவற்றோடு போயின. பிறப்பிடமும் இடுகாடும் விழாக்களமும் ஒருசேர மறைந்த இழப்பு அது. எஞ்சியோர் உள்நிலத்து மேட்டுப்பகுதிகளில் குடியமர்த்தப்பட்டனர்.

நிவாரணம் பெரும்பாலும் தனிக்குடும்பத்தை அலகாகக் கொண்டு வழங்கப்பட்டது. வீடும் பணமும் கணவன், மனைவி, மக்கள் என்னும் சிறு குடும்பத்தின் தலைவர் பெயருக்கு வந்தன. துஹெத்தின் கூட்டுரிமையும், அதனை அடுத்து ஊரின் கூட்டுழைப்பும் இதனால் தளர்ந்தன எனத் தீவுகளில் நெடுநாள் பணியாற்றிய மானிடவியலார் சுட்டியுள்ளனர். கடலைப் பற்றிய மரபுக் காப்பும் இவ்வாறே தேய்ந்தது. சில இடங்களில் மீன்பிடித்தலை விலக்குதல், சில உயிர்களைப் பிடியாதிருத்தல், சில கருவிகளைத் தவிர்த்தல் என நிக்கோபாரியர் கைக்கொண்ட விதிகள் பல. பேரலைக்குப்பின் அவை வலுவிழந்து வருவதனை வர்தன் பட்டாங்கரும் அவருடன் பணியாற்றியோரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது.

இங்கு ஓர் உண்மை தெளிவாகின்றது. பொதுவெளியைக் காக்கும் பழக்கம் மக்களின் குணத்தில் மட்டும் வாழ்வதன்று. கூட்டுரிமை என்னும் அமைப்பில் வாழ்வது. அமைப்பைச் சிதைத்துவிட்டுக் காப்போரைத் தேடிப் பாராட்டுவது வேரை அறுத்துக் கிளைக்கு நீர் வார்ப்பதனை ஒக்கும்.

2022ஆம் ஆண்டின் காப்பிடங்கள்

கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடா, தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் முதன்மைக் கரைகளுள் ஒன்று. 1997இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அதன் தகுதி, துறைமுகத் திட்டத்தை முன்னிட்டு 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. 2022இல் மூன்று புதிய சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. லிட்டில் நிக்கோபாரில் தோல்முதுகு ஆமைக்கும், மெஞ்சால் தீவில் மண்மேட்டில் முட்டையிடும் மெகாபோடு பறவைக்கும், மெரோ தீவில் பவளப்பாறைக்கும் அவை அமைந்தன. இத்தீவுகள் தென் நிக்கோபார் மக்களின் மரபுவழி உடைமைகள். அவர்களே வரையறைகளோடு பயன்படுத்திக் காத்து வந்தவை. தங்களைக் கலந்துகொள்ளாமல் இவ்வறிவிப்பு வந்தது என அம்மக்கள் முறையிட்டனர். கிரேட் நிக்கோபார்த் திட்டத்திற்கு 2022 ஆகஸ்டில் அளித்த இசைவினை, அதே ஆண்டு நவம்பரில் அங்குள்ள பழங்குடி மன்றம் திரும்பப் பெற்றது.

காக்கப்பட்டதனாலேயே அத்தீவுகள் காக்கத்தக்கனவாக எஞ்சின. எஞ்சியமையைக் கண்டு அரசு அவற்றிற்குச் சிறப்பு அளித்தது. ஆனால் அச்சிறப்பு இடத்திற்குச் சென்றது, காத்தவர்க்குச் செல்லவில்லை. மேலும், சரணாலயம் என்னும் தகுதி வந்தவுடன் காக்கும் அதிகாரம் வனத்துறைக்கு மாறுகின்றது. நேற்றுவரை காவலராக இருந்தவர் இன்று இசைவு பெற்று நுழைய வேண்டியவர் ஆகும் நிலை எழுகின்றது. பொருட்சிறப்பும் பெயர்ச்சிறப்பும் கிடைக்காமையை நிக்கோபாரியர் குறையாகக் கொண்டதில்லை. இருந்த உரிமைச்சிறப்பே பறிபோவதுதான் அவர்தம் முறையீட்டின் உட்பொருள்.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். 2004க்குப்பின் மரபுவிதிகள் தளர்ந்துள்ளன. ஆகவே சட்டத்தின் காப்பே உறுதியானது என்பது அது. இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் சட்டமும் மரபும் ஒன்றையொன்று விலக்குபவை என்னும் எடுகோள் அதில் மறைந்துள்ளது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஒரு சமுதாயம் வழிவழியாகக் காத்துவந்த காட்டு வளத்தைக் காக்கவும் மேலாளவும் அதற்கு உரிமை உண்டு என வெளிப்படையாகக் கூறுகின்றது. காத்தல் கடமை மட்டுமன்று, உரிமையும் ஆகும் என்னும் கருத்து இந்தியச் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. பொதுவளங்கள் பற்றிய ஆய்வுக்காக 2009இல் பொருளியல் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்ட எலினார் ஆஸ்ட்ரம், 1990இல் எழுதிய நூலில், நெடுங்காலம் நிலைத்த பொதுவள அமைப்புகளின் இயல்புகளுள் ஒன்றாகக் கூறுவதும் இதுவே: பயன்படுத்துவோர் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொள்ளும் உரிமையை மேலதிகாரம் குலைக்காதிருத்தல். தளர்ந்த மரபினை வலுப்படுத்துவதற்கு அதன் உரிமையை ஏற்பதே முதற்படி என்பது இதனால் பெறப்படும்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

பொதுவெளியைக் காத்தோர்க்குரிய சிறப்பு பொருள், பெயர், உரிமை என மூவகைப்படும். ஏரிப்பட்டியும் உதிரப்பட்டியும் முதல் வகை. நடுகல்லும் விருதும் ஆய்வேட்டில் இடம்பெறும் பெயரும் இரண்டாம் வகை. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவர்க்குச் சம்வத்சர வாரியத்தைத் திறந்துவிட்ட உத்தரமேரூர் விதி மூன்றாம் வகை.

கார் நிக்கோபாரின் எல்பனம் மூன்றாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உத்தரமேரூரில் நிலமும் கல்வியும் உடையோர்க்கே வாய்த்த உரிமை, எல்பனத்தில் ஊரில் பிறந்த ஒவ்வொருவரையும் சார்ந்திருந்தது. இவ்வொப்பீடு தமிழ்ப் பொதுவெளி வரலாற்றை ஆராய்வோர் மேலும் விரித்துக் காணத்தக்கது. அதற்கு வேதப்பன் சாலமனின் நாட்குறிப்புகள் தமிழாக்கம் பெறுதல் பெரிதும் துணைசெய்யும்.

வெளியிலிருந்து வந்த சிறப்புகள் கொடியாயினும் விருதாயினும் சரணாலய அறிவிப்பாயினும் தலைவரையோ இடத்தையோ போற்றின. காத்தல் என்னும் செயலைப் போற்றும் வழி அவற்றுள் அமையவில்லை. உச்ச நீதிமன்ற ஆணைக்கு உழைத்தோரையும், கடற்கரையில் ஆமைகளைக் காக்கும் களப்பணியாளரையும் பாராட்டுவது நம் கடமை. அப்பாராட்டு விழாமேடையோடு முடியுமாயின் அது அரைச்சிறப்பே ஆகும்.

காத்தவரிடமே காக்கும் உரிமையை நிலைபெறச் செய்தலும், அவ்வுரிமைக்குரிய கணக்கினை அவரிடமே கேட்டலும் ஆகிய இரண்டும் கூடியதே முழுச்சிறப்பு. பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்ச் சபையார் இதனை அறிந்திருந்தனர். மெரோ, மெஞ்சால் தீவுகளைப் பற்றி இனி எடுக்கப்படும் முடிவுகள், நாம் அதனை அறிந்திருக்கிறோமா என்பதைக் காட்டும்.